டெல்டாவிலிருந்து ஒரு இசைத்தட்டு: போஸ்ட்-பங்க் பேண்டுகள் சொந்தமாக வினைல் வெளியிட முழு வழிகாட்டி

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று எந்த ஊராக இருந்தாலும் சரி. மூன்று நான்கு பேர் சேர்ந்து, பங்க் ராக்கிலிருந்து கிளைத்த போஸ்ட்-பங்க் இசை வாசிக்கிறீர்கள், சொந்தப் பாட்டு கையில் இருக்கிறது, எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல் அதை வினைல் இசைத்தட்டாக வெளியிட நினைக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பாட்டு எழுதுவதோ பேண்டு நடத்துவதோ இதில் வராது. பாட்டு எப்படித் தட்டாகிறது, எந்த இடத்தில் காசு வீணாகிறது, எந்த முடிவைப் பிறகு மாற்றவே முடியாது என்பதுதான் விஷயம்.

இந்த இசைக்கும் சொந்த வெளியீட்டுக்கும் பழைய உறவு உண்டு. 1977 ஜனவரியில் மான்செஸ்டர் பேண்டான பஸ்காக்ஸ், கடன் வாங்கிய 500 பவுண்டில் நான்கு பாட்டை 1000 பிரதி அச்சடித்து வெளியிட்டார்கள். எந்தப் பாட்டு எத்தனையாவது டேக், அதாவது எத்தனையாவது முறை வாசித்துப் பதிந்தது என்பதை உறையிலேயே போட்டார்கள். அடுத்த வருடம் லண்டனில் ஸ்க்ரிட்டி பொலிட்டி இன்னும் ஒரு படி மேலே போய், பதிவுக்கு இவ்வளவு, அச்சுக்கு இவ்வளவு என்று செலவுக் கணக்கையே உறையில் அச்சிட்டார்கள். பார்க்கிறவர்கள் அடுத்த தட்டைத் தாங்களே போடட்டும் என்ற எண்ணம். அந்தப் பழக்கம் நம் பக்கமும் வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். அதனால் முதல் நாளே ஒரு நோட்டுப் போட்டு ஒவ்வொரு செலவையும் எழுதுங்கள். உறைக்குள் வைக்கும் தாளில் அந்தக் கணக்கு போக வேண்டும்.

முதலில் நிமிடக் கணக்கு

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் முடிவு செய்ய வேண்டியது, ஒரு பக்கத்தில் எத்தனை நிமிடம் வைப்பது என்பதுதான். பாட்டு நீள நீள, ஊசி ஓடும் வரிப்பள்ளங்களை நெருக்கிப் போட வேண்டும். நெருக்கினால் சத்தத்தைக் குறைத்தாக வேண்டும், பேஸையும் (கீழ் ஒலியையும்) குறைத்தாக வேண்டும். பேஸை முன்னால் நிறுத்தும் இசைக்கு அது பெரிய இழப்பு.

நடைமுறையில் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். 12 அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 33 சுழற்சி என்றால் பக்கத்துக்கு 18 நிமிடம் நல்லது, 20 தாங்கும், 22-ஐத் தாண்ட வேண்டாம். அதே தட்டை 45 சுழற்சியில் போட்டால் 10 முதல் 12 நிமிடம். 7 அங்குலம் 45 சுழற்சியில் நாலு, நாலரை நிமிடம். ஆறு பாட்டு இருக்கிற பேண்டுக்கு 12 அங்குலம் 45 சுழற்சிதான் என் தேர்வு. பக்கத்துக்கு மூன்று பாட்டு, சத்தமும் கனமாக இருக்கும்.

இதை மீறியதற்குப் பிரபலமான உதாரணம் ஜாய் டிவிஷன். 1978-ல் அவர்கள் சொந்தமாக வெளியிட்ட முதல் தட்டில், 7 அங்குலத்துக்குள் நாலு பாட்டைத் திணித்தார்கள். ஒலி மங்கிப்போனது. அதே வருடம் அதே பாட்டுகளை 12 அங்குலத்தில் மறுபடி வெளியிட வேண்டியிருந்தது. நம் மண்ணிலும் நேரக் கட்டுப்பாடு புதிதில்லை. நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை மணிக்கணக்கில் தோடி வாசித்தவர். 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்குக் கிடைத்தது மூன்று நான்கு நிமிடம்தான். அதற்குள் அவர் வாசித்துத் தந்த தோடியை இன்றைக்கும் தேடிக் கேட்கிறார்கள்.

அடுத்து, பாட்டு வரிசை. 33 சுழற்சியில் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி. 12 அங்குலத் தட்டின் விளிம்பில் அந்த 1.8 விநாடியில் ஊசி சுமார் 92 செ.மீ. ஓடுகிறது. லேபிளுக்குப் பக்கத்தில் வரும்போது அதே நேரத்தில் 38 செ.மீ. மட்டும். அவ்வளவு குறைந்த இடத்தில் அதே ஒலியை எழுத வேண்டியிருப்பதால் சிம்பலும் கூர்மையான குரலும் உள்பக்கம் போகப் போகக் கரகரக்கும். ஆக, கத்திப் பாடும் வேகமான பாட்டு பக்கத்தின் முதலில் வரட்டும், நிதானமான பாட்டு கடைசியில். மேடையில் எதை வைத்து முடிப்பீர்கள் என்பது இங்கே பொருந்தாது.

பதிவு: கல்யாண மண்டபமும் மார்கழியும்

டிரம்ஸ் பதிவுக்கு நம் பக்கத்துச் சின்ன ஸ்டூடியோக்கள் பெரும்பாலும் போதாது. டப்பிங்குக்கும் பக்திப் பாட்டுக்கும் கட்டின அறைகள் அவை. ஆனால் டெல்டாவில் ஊருக்கு ஊர் கல்யாண மண்டபம் இருக்கிறது. உயரமான கூரை, மொசைக் தரை, வெறும் சுவர். போஸ்ட்-பங்க் டிரம்ஸ் கேட்கிற அந்த வெற்று எதிரொலி அங்கே சும்மாவே கிடைக்கும். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் காலியாக இருக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம். ஆடியில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி எந்த நேரமும் பாடும். மார்கழியில் அது விடியற்காலையோடு பெரும்பாலும் அடங்கிவிடும். எனவே மார்கழி, காலை பத்து மணிக்கு மேல்.

மண்டபத்தில் ஒரு ஜோடி மைக்கை டிரம்ஸிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி, பந்திக்கூடத்துக்குப் போகும் வாசல் பக்கம் வையுங்கள். காலால் அடிக்கும் கிக் டிரம்முக்கும் குச்சியால் அடிக்கும் ஸ்னேர் டிரம்முக்கும் கிட்டத்தில் ஒவ்வொன்று. தூரத்து மைக்கை எவ்வளவு கலப்பது என்பதை, தடங்களைக் கலக்கும் மிக்ஸிங்கில் முடிவு செய்யலாம்.

கிட்டாரில் கரண்டிலிருந்து 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வரும், தயாராக இருங்கள். மண்டபத்தில் எர்த் சரியாக இல்லாவிட்டால் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) கிட்டார் விடாமல் முனகும். சீரியல் பல்பு, ஃபேன் ரெகுலேட்டர், இன்வெர்ட்டர் மூன்றையும் அணைத்துவிட்டு, லேப்டாப்பைச் சார்ஜரில் இருந்து கழற்றி, பேட்டரியிலேயே ஓட்டிப் பதிவு செய்யுங்கள். பாதி இரைச்சல் அங்கேயே போய்விடும்.

மிக்ஸிங், மாஸ்டரிங்: இணையத்துக்குச் செய்தது தட்டுக்கு ஆகாது

பணமும் பொறுமையும் அதிகம் போட வேண்டிய கட்டம் இதுதான். தட்டில் ஒலி ஒரு வடிவமாகப் பதிகிறது. இடதும் வலதும் ஒன்றாக வந்தால் ஊசி பக்கவாட்டில் ஆடும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக வந்தால் மேலும் கீழும் குதிக்கும். கீழ் ஒலியில் அப்படிக் குதித்தால் பள்ளம் ஓரிடத்தில் ஆழமாகவும் அடுத்த இடத்தில் ஒன்றுமே இல்லாமலும் போய், ஊசி தாவிவிடும். அதனால் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாமே மோனோவாக, இரு பக்கமும் ஒரே ஒலியாக இருக்க வேண்டும்.

நம் வகை பேண்டுக்கு இதில் தனி ஆபத்து இருக்கிறது. பேஸ் கிட்டாரில், ஒலியை அலைய வைக்கும் கோரஸ், ஃப்ளாஞ்சர் பெடல் போடாத போஸ்ட்-பங்க் பேண்டு குறைவு. பெடலின் ஸ்டீரியோ வெளியீட்டில் பதிவு செய்தால் கீழ் ஒலி இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு நிற்கும். பெடலை மோனோவில் எடுங்கள். கூடவே பெடல் இல்லாத நேரடி பேஸ் சிக்னலையும் தனித் தடத்தில் பதிந்து வையுங்கள். அப்புறம் அந்த நேரடித் தடத்தின் கீழ்ப்பகுதியையும் பெடல் தடத்தின் மேல்பகுதியையும் சேர்த்தால் பிரச்சினை தீர்ந்தது.

இரண்டாவது தொல்லை ‘ஸ’ சத்தம். தட்டு வெட்டும்போது (பள்ளத்தைச் செதுக்கும்போது) கீழ் ஒலியைக் குறைத்து மேல் ஒலியைக் கூட்டித்தான் எழுதுவார்கள். கேட்கும்போது ஆம்ப்ளிஃபயர் அதைத் திருப்பிச் சரிசெய்யும். 1954 முதல் இருக்கும் ஆர்ஐஏஏ (அமெரிக்க இசைப்பதிவுத் தொழில் சங்கம்) முறை இது. ஏற்கெனவே கூரான ஒலி வெட்டும்போது இன்னும் கூராகும், ஊசியால் அதைத் தொடர முடியாது. பசி, காசு, மனுசன் என்று நம் பேண்டுகள் பாடும் சொற்களிலேயே இந்தச் சத்தம் இருக்கிறது. மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுச் சாய்த்து வையுங்கள். மிக்ஸிங்கில் 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரை, இந்த ‘ஸ’ சத்தத்தை அடக்கும் டீ-எஸ்ஸர் போடுங்கள். ஹை-ஹேட் சிம்பலையும் அடக்கி வையுங்கள்.

கலந்த பாட்டுக்குக் கடைசி மெருகு ஏற்றும் மாஸ்டரிங்கில், ஒலியின் உச்சத்தை வெட்டும் லிமிட்டரை அழுத்திச் சத்தம் கூட்ட வேண்டாம். சத்தத்தை முடிவு செய்வது தட்டு வெட்டுகிறவர், ஃபைல் அல்ல. 24 பிட் வேவ் ஃபைலாக, ஒரு பக்கத்துக்கு ஒரே ஃபைலாக, பாட்டுகளுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு என்பதையும் வைத்தே அனுப்புங்கள். எம்பி3-யிலிருந்து மாற்றிய ஃபைல் எக்காரணம் கொண்டும் கூடாது. ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது நிமிடத்தில் தொடங்குகிறது என்ற தாளும் கூடப் போகட்டும்.

உரிமை விவகாரம், சுருக்கமாக

பழைய சினிமாப் பாட்டை உங்கள் பாணியில் வாசித்துத் தட்டில் சேர்க்க ஆசை வரும். இந்த அளவு வெளியீட்டுக்கு அது கட்டுப்படியாகாது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவின்படி கவர் பதிவுக்கு வழி இருக்கிறது. ஆனால் மூலப் பதிவு வந்து ஐந்து வருடம் கழிந்திருக்க வேண்டும். அதோடு ஒரு பாட்டுக்கு வருடத்துக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டி கட்ட வேண்டும். 200 பிரதி போடுகிறவருக்கு அது எப்படிச் சரிப்படும்? உரிமையாளரிடம் நேரில் எழுதி வாங்க முடிந்தால் செய்யுங்கள், இல்லையென்றால் சொந்தப் பாட்டே போதும்.

சொந்தப் பாட்டுக்கும் ஒரு தாள் வேண்டும். வரி யாருடையது, இசை யாருடையது, பதிவுக்குச் செலவு செய்தது யார் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். உறையில் பதிவைத் தயாரித்தவர் பெயர் முகவரி, உரிமையாளர் பெயர் முகவரி, முதலில் வெளியான வருடம் மூன்றும் இருக்க வேண்டும் என்று 52ஏ பிரிவு சொல்கிறது.

எங்கே, எத்தனை, எப்படி அச்சடிப்பது

கல்கத்தா டம்டமில் கிராமபோன் கம்பெனியின் ஆலை இருந்த காலத்தில் நாடு முழுக்கத் தட்டு அங்கிருந்து போனது. 1990களில் அது நின்றபிறகு வெகுகாலம் ஐரோப்பாவைத்தான் நம்ப வேண்டியிருந்தது. இப்போது மும்பை பக்கம் மறுபடி அச்சு தொடங்கியிருக்கிறது. முதலில் உள்நாட்டில் விலை கேளுங்கள். வெளிநாட்டு விலை குறைவாகத் தெரிந்தாலும் விமானக் கூலி, சுங்கம், இறக்குமதிக்கான ஐஜிஎஸ்டி வரி, சுங்க ஏஜெண்ட் கூலி எல்லாம் சேர்த்த பிறகுதான் ஒப்பிட வேண்டும்.

வேலை நடக்கும் விதம் தெரிந்தால் பேரம் பேச வசதி. அலுமினியத் தகட்டின் மேல் லாக்கர் பூசிய தட்டில் உங்கள் ஒலியை வெட்டுவார்கள். செம்பில் நேரடியாக வெட்டும் டிஎம்எம் (டைரக்ட் மெட்டல் மாஸ்டரிங்) முறையும் உண்டு. 2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் லாக்கர் தயாரித்த ஆலை எரிந்துபோன பிறகு பலர் அந்தப் பக்கம் திரும்பினார்கள். வெட்டிய தட்டின் மேல் நிக்கல் முலாம் ஏற்றி உரித்தெடுத்தால் ஸ்டாம்பர், அதாவது அச்சுத் தகடு. இரண்டு ஸ்டாம்பருக்கு நடுவே சூடான பிவிசி கட்டியை வைத்து, நீராவிச் சூட்டில் நூறு டன் அளவுக்கு அழுத்தினால் அரை நிமிடத்தில் ஒரு தட்டு.

இதில் வெட்டுக்கூலியும் முலாமும் நிலையான செலவு. நூறு போட்டாலும் ஆயிரம் போட்டாலும் அது மாறாது. அதனால்தான் 100 பிரதிக்கும் 300 பிரதிக்கும் மொத்த விலை மூன்று மடங்கு வித்தியாசப்படுவதில்லை. அதற்காக ஆசைப்பட்டு 500 போடாதீர்கள். கச்சேரிக்கு வருகிற கூட்டத்தில் எத்தனை பேர் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று உங்களுக்கே தெரியும். முன்பதிவு திறந்து, பணம் வந்த எண்ணிக்கையோடு பாதியைக் கூட்டி ஆர்டர் கொடுப்பது பாதுகாப்பானது. முப்பது நாற்பது பிரதி போதும் என்றால் ஸ்டாம்பரே வேண்டாம், ஒவ்வொன்றாக வெட்டித் தரும் லேத் கட் முறை இருக்கிறது. ஒலி ஒரு படி குறைவாக இருக்கும், தட்டும் சீக்கிரம் தேயும்.

எடை 140 கிராம் போதும். 180 கிராம் கையில் கனமாக இருக்கும், ஒலியில் எதையும் சேர்க்காது. நிறமும் கருப்பே எனக்குப் பிடித்தம்.

சோதனைத் தட்டு

முழு அச்சுக்கு முன்னால் ஆலை வழக்கமாக ஐந்து சோதனைத் தட்டு அனுப்பும். சந்தோஷத்தில் ஒரு தடவை கேட்டுவிட்டுச் சரி என்று எழுதிவிடுகிறார்கள் பலர். கையெழுத்துப் போட்டபிறகு கேள்வி கேட்க முடியாது.

ஊரில் பழைய மைக் செட்காரர் யாராவது இருப்பார், அவரிடம் கொண்டு போங்கள். எழுபது எண்பதுகளில் கல்யாண வீடுகளில் ராத்திரி முழுக்கத் தட்டுப் போட்டவர்கள் அவர்கள். கும்பகோணம் பக்கம் ஒரு பெரியவர் தட்டை ஊசிக்கு அடியில் வைக்கவே இல்லை. விளிம்பை இரு உள்ளங்கையில் ஏந்தி டியூப் லைட்டுக்கு நேரே மெல்லச் சாய்த்தார். வரிப்பள்ளத்தின் மேல் வெளிச்சம் ஓடியது. ‘‘மூணாவது பாட்டுல ரொம்ப நெருக்கிப் போட்டுருக்கான் தம்பி, அங்க சவுண்டு சப்பையா வரும், பாரு’’ என்றார். அப்படித்தான் வந்தது. சத்தமான இடத்தில் பள்ளங்கள் அகன்று வெளிச்சம் கலைந்து தெரியும், அமைதியான இடம் பட்டுப்போல ஒரே நிறமாக இருக்கும். இதைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள்.

பிறகு ஹெட்ஃபோனில் கேளுங்கள். ‘டக்’ என்ற சத்தம் எல்லாத் தட்டிலும் ஒரே இடத்தில் வந்தால் ஸ்டாம்பரிலோ வெட்டிலோ குறை, மறுபடி செய்யச் சொல்லலாம். ஒரே ஒரு தட்டில் மட்டும் வந்தால் அது அந்தத் தட்டின் குறை. நீண்ட சுரம் அலைகிறதா? மேலிருந்து ஊசிக்கையைப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் இடம்வலமாக ஆடினால் நடுத்துளை மையத்தில் இல்லை. துணி கிழிவதுபோல ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் வந்தால் பிவிசி பள்ளத்தில் முழுதாக நிரம்பவில்லை. நல்ல டர்ன்டேபிளில் ஒரு தடவை, சூட்கேஸ் வடிவ மலிவு பிளேயரில் ஒரு தடவை, இரண்டிலும் ஓட்டுங்கள். வாங்குகிறவர்களில் பாதிப்பேர் இரண்டாவதில்தான் கேட்கப் போகிறார்கள். குறையை எழுதும்போது ‘ஏ பக்கம், 2 நிமிடம் 14 விநாடி, ஐந்திலும்’ என்ற மாதிரி எழுதினால் ஆலை பதில் சொல்லியே ஆக வேண்டும்.

உறை, லேபிள், தமிழ் எழுத்து

நடு லேபிள் பசை போட்டு ஒட்டுவது இல்லை. அச்சழுத்தும்போதே சூட்டில் தட்டோடு சேர்ந்துவிடும். அதற்காகக் காகிதத்தை முன்கூட்டியே அடுப்பில் உலர்த்துவார்கள், ஈரம் இருந்தால் கொப்பளிக்கும். ஆகவே லேபிளை ஆலையே அச்சடிக்கட்டும், நீங்கள் வடிவமைப்பை மட்டும் அனுப்புங்கள்.

அங்கேதான் தமிழ் உடையும். நம் டிடிபி கடைகளில் பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்கள் இன்னும் ஓடுகின்றன. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் பாட்டுப் பெயர் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும். யூனிகோடிலும் நிம்மதி இல்லை. தமிழைக் கோத்துக் காட்டத் தெரியாத மென்பொருளில் ‘கொ’ என்ற எழுத்து கொம்பு தனி, ககரம் தனி, கால் தனியாகக் கிடக்கும். மும்பையிலோ செக் நாட்டிலோ இருக்கிற ஆலைக்காரருக்கு அது தப்பு என்றே தெரியாது, அப்படியே அச்சடித்துவிடுவார். கோரல் டிராவிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ எழுத்து முழுவதையும் கர்வ்வாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக மாற்றி பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். ஆலை திருப்பி அனுப்பும் ப்ரூஃபைக் காகிதத்தில் எடுத்து, பேண்டில் இல்லாத ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பாட்டு முடிந்தபின் லேபிளுக்கு முன்னால் வரும் வெற்று வளையத்தில் கையால் ஏதாவது பொறித்துத் தரச் சொல்லலாம். தமிழில் வேண்டுமென்றால் இரண்டு மூன்று எழுத்தாகப் படமாக வரைந்து கொடுங்கள்.

வெளி உறையை இங்கேயே அடிப்பதுதான் என் யோசனை. தட்டை வெறும் உள்ளுறையோடு வரவழைத்து, வெற்று அட்டை உறை வாங்கி, முகப்பை மட்டும் ஓரிரு வண்ணத்தில் ஸ்கிரீன் பிரிண்ட் செய்யுங்கள். கும்பகோணம், தஞ்சாவூர் கல்யாணப் பத்திரிகை அச்சகங்களில் நல்ல கைவேலைக்காரர்கள் இருக்கிறார்கள். 31 செ.மீ. சதுரத்துக்கு ஸ்கிரீன் சட்டம் அவர்களிடம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மை காயாது, ஒரு உறை அடுத்ததில் ஒட்டிக்கொண்டு வரும். ஆடி தொடக்கத்தில் கொடுத்தால் அச்சகத்திலும் வேலை குறைவு, மையும் ஒரே நாளில் காயும். முழு வண்ண உறை, டை கட்டிங் என்று போனால் சிவகாசிதான்.

வரவழைப்பதும் வைத்திருப்பதும்

வெளிநாட்டில் அச்சடித்தால், விற்பனைக்குக் கொண்டுவருவதால் இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண் தேவை. இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய். 300 பிரதி உறையோடு சேர்ந்து எழுபத்தைந்து, எண்பது கிலோ வரும். திருச்சி விமான நிலையத்திலேயே சரக்குப் பிரிவும் சுங்கமும் இருப்பதால் சென்னை வரை ஓட வேண்டியதில்லை. மொத்த வரியை ஏஜெண்டிடம் எழுத்தில் வாங்கியபிறகே ஆர்டரை உறுதி செய்யுங்கள்.

வீட்டுக்கு வந்த தட்டுக்கு டெல்டாவில் இரண்டு எதிரி. கீழே வெள்ளம், மேலே வெயில். வடகிழக்குப் பருவமழையில் தரையில் வைத்த பெட்டி நனையும். அதற்குப் பயந்து ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் பரணில் ஏற்றினால் சித்திரை வெயிலில் தட்டு நெளிந்துவிடும். காங்கிரீட் கூரை உள்ள அறையில், இடுப்பு உயர ரேக்கில், நின்ற வாக்கில், ஒன்றன்மேல் ஒன்று சாயாமல் வையுங்கள். படுக்கவைத்து அடுக்கக் கூடாது. அட்டை பூஞ்சை பிடிக்காமல் இருக்க சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மழை முடிந்ததும் மாற்றுங்கள்.

கூரியரில் அனுப்பும்போது தட்டை வெளி உறையிலிருந்து எடுத்து, உள்ளுறையோடு பின்னால் வையுங்கள். உள்ளேயே விட்டால் பெட்டி கீழே விழும் வேகத்தில் தட்டு உறையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வரும். இருபுறமும் ஒவ்வொரு விறைப்பான அட்டை, அப்புறம் பெட்டி. பஸ் பார்சலில் போட்டால் டிக்கியில் இன்ஜின் பக்கம் வைக்க வேண்டாம் என்று சொல்லி ஏற்றுங்கள்.

விற்பனை, கணக்கு, ஸ்டாம்பர்

நம் ஊரில் தட்டு வாங்க ஆசைப்படுகிற பலரிடம் பிளேயர் இருக்காது. ஒவ்வொரு உறையிலும் பாட்டை இறக்கிக்கொள்ள ஒரு குறியீட்டுச் சீட்டு வையுங்கள். சென்னை, பெங்களூரு கடைகள் பெரும்பாலும் விற்றபிறகு பணம் என்ற முறையில்தான் எடுக்கும். எத்தனை கொடுத்தீர்கள் என்று சீட்டில் கையெழுத்து வாங்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேளுங்கள். விலையை நிர்ணயிக்கும்போது கூரியர், உடைந்துபோகும் பிரதி, இலவசமாகக் கொடுக்கும் பிரதி எல்லாவற்றையும் செலவில் ஏற்றுங்கள். முதலில் கடன் அடையட்டும், அதன்பிறகே பங்கு.

கடைசியாக, ஸ்டாம்பரும் முலாம் தகடுகளும் யாருக்குச் சொந்தம், எத்தனை வருடம் வைத்திருப்பார்கள் என்று ஆலையிடம் ஆர்டர் கொடுக்கும் அன்றைக்கே எழுதி வாங்குங்கள். கேட்காவிட்டால் சில வருடத்தில் பழைய உலோகமாகப் போய்விடும், மறுஅச்சுக்கு மறுபடி வெட்டுக்கூலி கொடுக்க வேண்டிவரும். அந்தக் கடிதமும், மாஸ்டர் ஃபைலும், கர்வ்வாக மாற்றாத மூல வடிவமைப்பும் பேண்டில் இரண்டு பேரிடம், இரண்டு வெவ்வேறு ஊரில் இருக்கட்டும்.